இருளறையில் வாசிப்பு: ஒளியும் உரிமையும்

விளக்கணைத்த படுக்கையறையில் வாசிப்பதற்கு எந்த மின்னூற் கருவியை வாங்கலாம் என்னும் கேள்வி மாணவரிடையே இப்பொழுது அடிக்கடி எழுகின்றது. கேட்போர் ஒரு பெயரை மட்டுமே விடையாக எதிர்பார்க்கின்றனர். வழக்கமாக அவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் மூன்று. கருவியே வேண்டாம், அச்சிட்ட நூலே நூல் என்பது முதலாவது. கையில் இருக்கும் கைப்பேசியே போதும் என்பது இரண்டாவது. ஒளியும் நிறமும் மிகுந்த, புதிதாக வந்த, விலைகூடிய கருவியை வாங்குக என்பது மூன்றாவது. இம்மூன்றும் தவறானவை என்பதும், இத்தவறுகளினால் மிகுதியாக இழப்பவர் தமிழ் வாசகரே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில், இருளறை எனப்படுவது யாருடைய அறை என்பதை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். விளம்பரங்களிலே காணப்படும் படுக்கையறை தனியொருவருடையது. அல்லது ஒரு தம்பதியருடையது. பஞ்சணை, மேசை விளக்கு, பக்கத்தில் ஒரு கோப்பை தேநீர் என அது காட்சி தருகின்றது. நம்மவரின் இருளறை அத்தகையதன்று. பல்கலைக்கழக விடுதியில் நால்வர் உறங்கும் அறை அது. அவர்களுள் ஒருவருக்கு மறுநாட் காலை எட்டு மணிக்கு ஆய்வுகூட வகுப்பு இருக்கும். வீட்டிலே அம்மம்மாவும் தங்கைமாரும் பாய் விரித்துப் படுத்திருக்கும் அறை அது. தோட்டத்து லயக் காம்பிராவிலே, விடியுமுன் கொழுந்து பறிக்கச் செல்லவேண்டிய தாய் உறங்கும் ஒரே அறையும் அதுவே. இவ்வறைகளில் இரவில் விளக்கேற்றுவது பிறர் உறக்கத்தைப் பறிப்பதாகும். ஏற்றாதிருப்பது தன் வாசிப்பைத் துறப்பதாகும். பகலெல்லாம் விரிவுரைக்கும் வேலைக்கும் உரியதாகிவிட்ட ஒருவருக்கு எஞ்சியிருப்பது இவ்விரவு ஒன்றே. ஆகவே இருளில் வாசிப்பதற்கான வழியைத் தேடுவதை ஆடம்பரம் என ஒதுக்குதல் பொருந்தாது.

நமது சமூகத்தில் வாசிப்பின் வரலாறு விளக்கின் வரலாற்றோடு இணைந்தே வந்துள்ளது. குப்பி விளக்கின் புகையிலும் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்திலும் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளானமையால் ஜாம் போத்தலுள் சிறிதளவு எண்ணெயை விட்டுத் திரியேற்றி மாணவர் படித்தனர். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அதே மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒளியும் கடதாசியும் ஒருங்கே இல்லாதுபோன அந்நாள்களை மறந்துவிட்டு இக்கேள்வியை ஆராய்தல் இயலாது.

அச்சுநூலே நூல் என்போரின் நிலைப்பாட்டினை முதலில் நோக்குவோம். தாளின் மணமும் பக்கத்தைப் புரட்டும் இன்பமும் கருவியில் இல்லை என்பர் இவர்கள். உண்மைதான். ஆனால் மணம் பற்றிய இக்கவலை நூல் கிடைக்கப்பெற்றவரின் கவலையாகும். மறுபதிப்புக் காணாத ஈழத்து நாவலொன்றைத் தேடும் மாணவிக்குத் தாளின் மணம் பற்றி எண்ண அவகாசமில்லை. அவளுக்கு நூலே இல்லை. ஏட்டுச்சுவடியின் மணத்தையும் எழுத்தாணியின் கீறலையும் இவ்வாறே நம் முன்னோர் போற்றிக்கொண்டிருந்தனராயின் என்ன நிகழ்ந்திருக்கும்? ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியிருக்கமாட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியிருக்கமாட்டார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளோடு அந்நூல்களும் அழிந்திருத்தல் கூடும். ஏட்டிலிருந்து தாளுக்கு மாறியபோது பேணப்பட்டது நூல், கைவிடப்பட்டது பாத்திரம். இன்றைய மாற்றத்தினையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். அன்று நாவலரும் தாமோதரம்பிள்ளையும் புதிய பாத்திரத்தைத் தம் கையிலே வைத்திருந்தனர். இன்று அது யார் கையில் இருக்கின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதனைப் பின்னர் காண்போம்.

கைப்பேசியே போதும் என்னும் இரண்டாவது விடை வறுமையின்பாற்பட்டதாயின் அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கைப்பேசியன்றி வேறொன்றும் வாங்கவியலாதவர் திரையின் ஒளியை இயன்ற மட்டும் குறைத்து, அதிலேயே படிப்பாராக. படியாமலிருப்பதைவிட அது மேலானது. மங்கிய ஒளியிற் படித்தாற் கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று வீடுகளிற் கூறப்படுவதற்கும் மருத்துவச் சான்று இல்லை. கண் களைப்படையும், ஓய்வெடுத்தாற் களைப்பு நீங்கும். ஆனால் வசதியுள்ளோரும் கைப்பேசியைச் சிறந்த வாசிப்புக் கருவியெனப் பரிந்துரைப்பதை ஏற்கமுடியாது. கைப்பேசி வாசிப்பதற்கெனச் செய்யப்பட்டதன்று; வாசிப்பை இடைமறிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பத்தாம் பக்கத்தில் ஒரு செய்தி வந்து மணியடிக்கின்றது. பன்னிரண்டாம் பக்கத்தில் வாசகர் வேறோரிடத்தில் இருக்கின்றார். இருளறையின் தனிமையை அழிப்பதற்கு அறைத்தோழன் வேண்டியதில்லை. கையிலுள்ள திரையே போதும்.

ஒளியின் வழியாகவும் கைப்பேசி தீங்கு செய்கின்றது. நமது கண்ணின் விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கான கலங்களைத் தவிர, பகலா இரவா என்பதை உடலுக்கு அறிவிக்கும் தனிவகைக் கலங்களும் உள்ளன. இவை 2002ஆம் ஆண்டளவில் இனங்காணப்பட்டன. ஏறத்தாழ 480 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலவொளிக்கே இவை கூடிய உணர்திறன் உடையவை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர் நடத்தி, 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றிற் பன்னிருவர் பங்குகொண்டனர். அவர்கள் ஐந்து இரவுகள், நான்கு மணிநேரம் வீதம், மங்கலான அறையில் ஒளிவீசும் திரையிலும், அவ்வாறே அச்சுநூலிலும் படித்தனர். திரையிற் படித்தபோது உறங்குவதற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. உறக்கத்துக்குரிய மெலற்றோனின் என்னும் ஓமோனின் சுரப்புக் குறைந்தது. உடலின் கடிகாரமும் ஒன்றரை மணிநேரம் பிந்தியது.

இவ்வாய்வினை விற்பனையாளர் கையாளும் முறைக்கு இங்கு எச்சரிக்கை தேவைப்படுகின்றது. அவ்வாய்வில் அளக்கப்பட்டது முழு ஒளியில் வைக்கப்பட்ட ஐபாட் திரை. நான்கு மணிநேரம் அதனை எவரும் முழு ஒளியிற் பார்த்துக்கொண்டிருப்பது அரிது. பங்குகொண்டோரோ பன்னிருவர் மாத்திரமே. அளவான ஒரு முடிபை அளவற்ற அச்சமாக மாற்றி, அவ்வச்சத்தைப் போக்கும் மருந்தாகத் தம் கருவியை விற்பது வணிகரின் உத்தி. 'எமது கருவியின் ஒளி தாளிலே விழுகின்றது. கண்ணிலே விழுவதில்லை' என்பது அவர்கள் வழக்கமாகக் கூறும் மற்றொரு வாசகம். பௌதிகம் படித்த எவரும் இதனை ஏற்கமாட்டார். ஒளி கண்ணை அடையாவிடின் எழுத்துத் தெரியாது. மின்மைத் திரையின் விளிம்பில் உள்ள நுண்விளக்குகள் மெல்லிய பிளாத்திக்குத் தகடொன்றின் வழியாக ஒளியைத் திரைமீது பரப்புகின்றன. வெண்துகள்களிற் பட்டுத் தெறித்து அவ்வொளி கண்ணுக்கே வருகின்றது. இக்கருவிகளின் சிறப்பு ஒளியின் திசையில் இல்லை, அளவிலேயே உள்ளது. அவற்றின் உச்ச ஒளி கைப்பேசித் திரையினது உச்ச ஒளியில் ஒரு சிறு பங்கே ஆகும். கீழெல்லையில் அது பக்கத்திற் படுத்திருப்பவரை எழுப்பாத அளவுக்கு அடங்குகின்றது. உண்மையான சிறப்பு இருக்கையிற் பொய்ச்சிறப்பை விற்பானேன்?

மின்மைத் தொழினுட்பத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கினால் ஒளிப் பிரச்சினை எப்பொழுது தீர்ந்தது என்பது புலனாகும். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து பிறந்த ஈ-இங்க் கம்பனி 1997இல் தொடங்கப்பட்டது. தலைமயிரின் தடிப்பளவான நுண்குமிழிகளுக்குள் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றும்போது ஒன்று மேலெழ மற்றது கீழிறங்குகின்றது. எழுத்துத் தோன்றியபின் அதனைத் தாங்கிநிற்க மின்சாரம் தேவையில்லை. மின்வெட்டு மிகுந்த நாட்டில் ஒருமுறை மின்னேற்றிய கருவி வாரக்கணக்காகப் பயன்படுவது இதனாலேயே. 2004இல் சோனி நிறுவனம் யப்பானில் இத்திரையுடைய முதல் வாசிப்புக் கருவியை விற்பனைக்கு விட்டது. 2007 நவம்பரில் அமேசனின் கிண்டில் 399 டொலருக்கு வந்தது. இவையிரண்டும் ஒளியற்றவை, தாளைப் போலவே இருளில் இவற்றையும் வாசிக்க இயலாது. 2012இல் நூக், கோபோ, கிண்டில் ஆகிய மூன்றும் முன்னொளியுடன் வந்தன. 2016இற் கோபோ நிறுவனம் ஒளியின் நிறத்தை வெண்மையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றும் வசதியைத் தந்தது. ஆகவே இருளில் வாசித்தல் என்னும் பிரச்சினை 2012லேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதன்பின் வந்தவை திருத்தங்களே.

தீர்ந்த பிரச்சினையை ஆண்டுதோறும் புதிதாக விற்பதே சந்தையின் இயல்பு. விளக்குகளின் எண்ணிக்கையையும் உச்ச ஒளியையும் கம்பனிகள் பறைசாற்றுகின்றன. இருளறை வாசகருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஒளியை எவ்வளவு குறைக்கலாம், குறைத்தபின்னும் பக்கம் முழுவதும் அது ஒரே சீராகப் பரவுகின்றதா, அடிவிளிம்பில் நிழல் விழுகின்றதா என்பவற்றையே அவர் பார்த்தல் வேண்டும். மஞ்சளொளி ஒரு வசதி; மருந்தன்று. ஒளியைக் கீழெல்லையில் வைத்து ஒரு மணிநேரம் படிப்பவருக்கு அஃதில்லாமையாற் பேரிழப்பு யாதுமில்லை. பக்கத்தைத் திருப்பும் விசை கருவியின் ஓரத்தில் இருப்பின் போர்வைக்குள் ஒரு கையாற் பிடித்துப் படிப்பது எளிது. கறுப்பிலே வெள்ளையெழுத்து இருளுக்கு உகந்தது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இருளிற் கண்மணி விரிந்திருப்பதால், பார்வைச் சிதறல் உடையவர்களுக்கு அவ்வெழுத்துகள் ஒளிவட்டம் கட்டியதுபோற் கலங்கித் தோன்றும். ஒளியைக் குறைத்து வெள்ளையிற் கறுப்பாகவே படிப்பது அவர்களுக்கு நன்று.

இரு பொறிகளையும் இங்கு சுட்டிக்காட்டல் தகும். 2024இற் கோபோவும் கிண்டிலும் நிறத்திரைக் கருவிகளைக் கொண்டுவந்தன. இவற்றில் மின்மையின்மேல் நிறவடிகட்டியொன்று படிகின்றது. வடிகட்டி ஒளியை விழுங்குவதால் வெள்ளை சாம்பலாகின்றது. அதனை ஈடுசெய்ய விளக்கைக் கூட்டவேண்டியுள்ளது. அங்குலத்துக்கு 300 புள்ளிகளாயிருக்கும் கறுப்பெழுத்தின் கூர்மை, நிறத்தில் 150 ஆகக் குறைகின்றது. எழுத்தையே படிக்கப்போகும் இருளறை வாசகர், கூடிய பணம் கொடுத்து மங்கலான பக்கத்தை வாங்குகின்றார். மற்றப் பொறி பெரிய திரைக் கருவிகளில் உள்ளது. கையாற் குறிப்பெழுதவென வரும் பத்து அங்குலக் கருவிகள் சிலவற்றில் விளக்கே இல்லை. 2020இல் வந்த ரிமார்க்கபிள் 2 அத்தகையது. பெரிதாயிருப்பதைக் கண்டு வாங்கியவர் இரவில் அதற்கும் ஒரு மேசை விளக்குத் தேடவேண்டியவராவார்.

ஒளி பற்றி இவ்வளவு போதும். தமிழ் வாசகருக்குரிய கேள்வி இதன்பின்னரே தொடங்குகின்றது. ஆங்கில நூலைக் காட்டும் கருவி தமிழ் நூலையும் காட்டும் என்று எண்ணுதல் தவறு. நமது எழுத்தில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே நிற்பன. ஒகர, ஓகாரக் குறிகள் இருபுறமும் நிற்பன. கணினியிலோ குறி எப்பொழுதும் மெய்க்குப் பின்னரே பதியப்பட்டிருக்கும். அதனை இடம்மாற்றிக் காட்டுவது கருவியின் வேலை. அவ்வேலையைச் செய்யாத கருவியில் 'கொடை' என்பது குறி பிறழ்ந்து கிடக்கும். சிலவற்றில் வெறுங் கட்டங்களே தோன்றும். அன்றியும், தமிழ்ச் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீள்பவை. ஆறு அங்குலத் திரையில் எழுத்தைச் சற்றுப் பெருப்பித்தால் ஒரு வரியில் மூன்று சொற்களே அடங்கும். இரு ஓரங்களையும் நேராக்க முனையும் கருவி சொற்களுக்கிடையே குளம்போல் வெளி விடும். சொல்லைத் தொட்டு அகராதி பார்க்கும் வசதியும், வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத கருவியில், 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதன் முன்னே வாயடைத்து நிற்கும். வாங்குமுன் ஒரு தமிழ்நூலைத் திறந்து இவற்றைச் சோதித்தவர் நம்மிடையே எத்தனை பேர்?

பக்கத்தின் அளவு அடுத்ததாகும். தமிழில் இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் நூல்கள் இருவகையின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை எழுத்துவடிவிலே தருகின்றது. அவற்றை எந்தத் திரைக்கும் ஏற்ப மடித்துக்கொள்ளலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பல்லாயிரக்கணக்கில் திரட்டி வைத்துள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை பக்கத்தின் படங்கள். 1966இல் தொடங்கிய மல்லிகையையோ 1975இல் தொடங்கிய அலையையோ ஆறு அங்குலத் திரையிலே திறந்தால் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். பெருப்பித்தால் வரிக்கு வரி இழுக்கவேண்டும். ஆங்கில நாவல் படிப்பவருக்கு ஆறு அங்குலம் போதுமென்ற பரிந்துரை, ஈழத்து இலக்கியத்தைப் பயில விழையும் தமிழ் மாணவருக்குப் பொருந்தாது. அவருக்கு எட்டு அங்குலமாயினும் வேண்டும். விளக்குடைய பத்து அங்குலம் இன்னும் நன்று.

இனி உரிமை பற்றிய வினாவுக்கு வருவோம். 2009 யூலையில் அமேசன் நிறுவனம், உரிமையற்ற பதிப்பாளர் ஒருவர் விற்றவை எனக் கூறி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் பிரதிகளை வாசகரின் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலே அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வாசகர் உறங்குகையில் அவரது அலுமாரியைத் திறந்து நூலை எடுத்துச் செல்லத்தக்க திறவுகோல் ஒன்று விற்பவர் கையில் இருந்தது அன்று வெளிப்பட்டது. 2019இல் மைக்கிரோசொவ்ற் தனது மின்னூற் கடையை மூடியபோது வாங்கியோரின் நூல்கள் யாவும் திறக்கவியலாதனவாயின. 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழியாக மாற்றும் வசதியை அமேசன் நிறுத்திவிட்டது. வாசகர் பெறுவது நூலன்று, அனுமதியே என்பதை வெளிப்படையாகக் கூறாமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டமியற்றி உரைக்கவேண்டிய அளவுக்கு அச்சொல் பொய்யாகியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்புண்டு. 2016 முதல் கிண்டிலிலே தமிழ் நூல்கள் விற்கப்படுவதால் உலகின் எந்த மூலையிலுள்ள தமிழரும் ஒரு நிமிடத்தில் அவற்றைப் பெறுகின்றனர். பதிப்பாளரின் தயவின்றி எழுத்தாளர் தாமே வெளியிட்டு ஊதியமும் பெறுகின்றனர். பூட்டில்லாவிடின் திருட்டுப் பிரதிகள் பெருகி அவர்கள் வயிற்றில் அடிக்கும். எனவே பூட்டு எழுத்தாளரைக் காப்பது என்பதே அம்மறுப்பு. இதன் முற்பகுதி முழுவதும் உண்மை. அந்நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. பிற்பகுதியே ஐயத்துக்குரியது. திருடுபவர் பூட்டை உடைத்துவிடுகின்றார். பணம் கொடுத்தவரே பூட்டுக்குள் இருக்கின்றார். அப்பூட்டு வாசகரை ஒரு கம்பனியின் கருவியோடு பிணிக்கின்றது. கருவியை மாற்ற விரும்பினால் நூல்களை இழக்கவேண்டிவருகின்றது. எழுத்தாளரைக் காப்பதன் பெயரால் காக்கப்படுவது கடையே.

ஒரு மக்கட் கூட்டத்தின் நூல்கள் ஓரிடத்திலே இருப்பதன் ஆபத்தினை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1981 யூன் முதலாம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். தீயிட்ட கொடுமையையும் கம்பனியொன்றின் வணிகத் தீர்மானத்தையும் ஒன்றென நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் இறந்துபோன நூல்களுக்கே இழிவாகும். ஆனால் அந்நிகழ்விலிருந்து பெற்ற பாடம் ஒன்றுண்டு. பிரதிகள் பலவாகிப் பலர் கைகளில் இருக்கும் நூலே பிழைக்கின்றது. நூலகம் நிறுவனம் எண்ணிமமாக்கும் பணியில் இறங்கியது இப்பாடத்தை உணர்ந்தே. அவ்வாறிருக்க, நம் இளந்தலைமுறை தன் நூல்கள் அனைத்தையும் கடல்கடந்த ஒரேயொரு கம்பனியின் களஞ்சியத்தில், அதன் விருப்பம் உள்ளவரையிலான அனுமதியாக மட்டும் வைத்திருத்தல் விவேகமாகுமா?

இவ்வளவும் கூறியபின் தொடக்கக் கேள்விக்கு நேரான விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். முன்னொளியுள்ள கறுப்பு வெள்ளைத் திரையைத் தேர்க. மிகக் குறைந்த ஒளியில் அது எவ்வாறு தோன்றுகின்றது என்பதை இருட்டில் வைத்துப் பார்க்க. தமிழ்நூல் ஒன்றைத் திறந்து எழுத்துகள் பிறழாமல் நிற்கின்றனவா எனக் காண்க. ஈபப் கோப்பினைக் கம்பிவழியாக நேரே ஏற்றத்தக்க கருவியை முதன்மைப்படுத்துக; கோபோ, பொக்கற்புக் கருவிகளில் இது எளிது. கிண்டில் வைத்திருப்போர் அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. கலிபர் என்னும் இலவச மென்பொருளால் ஈபப் நூல்களை மாற்றி ஏற்றிக்கொள்ளலாம். பூட்டற்ற நூல்களை எங்கிருந்து பெற்றாலும் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருப்பதை வழக்கமாக்குக. வருடிய சஞ்சிகைகளே தேவையெனின் சிறு திரையை வாங்காதிருக்க. பழைய கருவியாயினும் முன்னொளி நன்றாயிருப்பின் புதியதை நாடவேண்டியதில்லை. 2012இன் பின்வந்த ஒரு பழைய கருவி இன்றும் இருளிற் படிக்க உதவும்.

எனினும் தனிமனிதரின் தேர்வோடு இப்பிரச்சினை முடிவதில்லை. 2024இல் வந்த மலிவான கிண்டிலின் விலை ஏறத்தாழ 110 டொலர். டொலர் ஒன்று 300 ரூபா எனக்கொண்டாலும் அது முப்பதாயிரத்தைத் தாண்டும். அனுப்பும் செலவும் வரியும் வேறு. நாம் பரிந்துரைக்கும் எட்டு அங்குலமோ அதனிலும் இருமடங்குக்கு மேல். மகாபொலப் புலமைப்பரிசிலில் உணவும் போக்குவரத்தும் பார்க்கும் மாணவரிடம் இதனை வாங்குக என்பது கொடுமை. ஆகவே நூல்களை இரவல் கொடுக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் கருவிகளையும் இரவல் கொடுத்தல் வேண்டும். இருபது கருவிகள் போதும், தொடங்குவதற்கு. ஒவ்வொன்றிலும் உரிமை கடந்த நூல்களையும் அனுமதி பெற்ற ஈழத்து நூல்களையும் ஏற்றி இரு வாரங்களுக்கு வழங்கலாம். மாணவர் விடுதிகளிலும் மாணவியர் விடுதிகளிலும் அவை கைமாறிச் செல்லட்டும். ஒரு மேடையலங்காரத்துக்கு நாம் செலவிடும் பணத்தில் ஓரிரு கருவிகளையேனும் வாங்கலாம் என்பதைத் தமிழ்ச் சங்கங்கள் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

பதிப்பாளரிடமும் எழுத்தாளரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் நூல்களைக் கம்பனிக் கடையில் விற்பதோடு நில்லாது, பூட்டற்ற ஈபப் கோப்பாகவும் நேரே விற்பனை செய்க. வாங்கியவரை நம்புக. நம்மிடமும் ஒரு கோரிக்கை உண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் இன்று கணினியிலேயே எழுத்துக் கோக்கப்படுகின்றன. எழுத்தாகவே இருப்பதை அச்சிட்டு, அச்சிட்டதை மீண்டும் படமாக்கிப் பாதுகாக்கும் விந்தையை இனியேனும் கைவிடுவோம். மலர் வெளிவரும் நாளிலேயே எத்திரைக்கும் மடியும் எழுத்துவடிவில் அதனையும் வெளியிடுவோம். தம் சஞ்சிகையையே பூட்டற்று வழங்காத நாம் கம்பனிகளின் பூட்டைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

ஜாம் போத்தல் விளக்கில் படித்த மாணவருக்கு ஒளி அரிதாயிருந்தது. ஆனால் அவ்வொளியிற் பார்த்த நூல் அவருடையதாயிருந்தது. மறுநாள் அதனை அயல்வீட்டுத் தோழிக்குக் கொடுத்தார். அவள் இன்னொருத்திக்குக் கொடுத்தாள். இன்று ஒளி எளிதாகிவிட்டது; விரலால் தொட்டாற் கூடுகின்றது, தொட்டாற் குறைகின்றது. அதற்கு விலையாகக் கொடுக்கும் உரிமையை ஒரு நூலாயினும் தோழிக்குக் கொடுக்க முடியாமற்போகும் நாளில்தான் நாம் உணர்வோமாயின், அது காலங்கடந்த உணர்வாகும். இருளறைக்குக் கருவி தேடுவோர் ஒளியை அளப்பதற்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்பாராக: இதில் நான் படிக்கும் நூலை நாளை இன்னொருவர் கையில் நான் வைக்கமுடியுமா?